ஏணி வராத புத்தகசாலை

வாயைத் திறந்தால் வெளியே வந்துவிடலாம் என்ற நிலையில் வாயை மூடிக்கொண்டு லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும் மனிதனை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லியிருப்பேன்.

அவன் பெயர் ராமதாஸ். தச்சன். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பெரிய மனிதர்கள் பலர் கை பிடித்து ஏறும் மாடிப்படிகள் அவன் செய்தவை. பர்மா ரோட்டு சுப்பையா முதலாளி வீட்டில் புதிதாக ஒரு புத்தகசாலை கட்டிக் கொடுத்தான். அந்தப் புத்தகசாலையிலிருந்து ஒரு புத்தகத்தைத் திருடிவிட்டான் என்பது அவன் மீது புகார். சில்லறைப் புத்தகம் இல்லை. தரங்கம்பாடியில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த தமிழ்ப் புத்தகம். திருட்டுப் போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர் முழுக்க வருத்தப்பட்டது.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்டவர் என் முதலாளி, துப்பறியும் ஜபருல்லா. வெகுகாலம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று பாஷைகளில் பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே ஆபீஸ் போட்டுக்கொண்டார். நான் அர்ஜுனன், அவருடைய உதவியாளன். கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவனை வாய் நீளம் என்று வெளியே அனுப்பினார்கள். அதே காரணத்துக்காக இவர் உள்ளே சேர்த்துக்கொண்டார்.

"புத்தகத்த எடுத்தியா, தம்பி?"

"இல்லீங்க."

"அந்த ரூம்ல என்னென்ன வேலை பார்த்தே?"

ராமதாஸ் தரையைப் பார்த்தான்.

"அலமாரி செஞ்சே. அப்புறம்?"

மறுபடியும் தரை. அப்படியென்ன இருக்கிறது என்று நானும் குனிந்து பார்த்தேன். வெறும் சிமெண்டு.

"சத்தியம் பண்ணியிருக்கேங்க," என்றான் கடைசியில். "தண்ணீர்மலையில, முருகன் முன்னால. அந்த ரூம் வேலையப் பத்தி ஒரு வார்த்தை வெளிய விடமாட்டேன்னு. முதலாளிதான் கூட்டிட்டுப் போய்ச் சூடம் ஏத்த வச்சாரு. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

"அலமாரி செய்யறதுக்குச் சூடம் ஏத்திச் சத்தியமா?" என்றேன். "நான் கல்யாணம் பண்ணினப்பகூட யாரும் என்னை அவ்வளவு நம்பாம இருந்ததில்ல லா!"

ஜபருல்லா அண்ணன் சிரிக்கவில்லை. அதற்கு மேல் கேட்கவும் இல்லை. "சரி தம்பி, உன் சத்தியம் உங்கிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் ராமதாஸின் மனைவி, எங்களை வரவழைத்த நவமணி, நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. புருஷனுக்கு மாற்றுத் துணி. அழுது முடித்துவிட்டு இப்போது கோபத்துக்கு வந்திருந்தாள்.

"ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்னு சொன்னான்."

"அதத்தான் எங்கிட்டயும் சொல்றாரு. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. ஜெயிலு முடிஞ்சா கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு அந்த மாத்தா சொல்றான்." வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரனைக் காட்டினாள். "நான் சுங்கை பாக்காப் எஸ்டேட்டுல பொறந்தவ. எனக்கு அங்க யாரத் தெரியும்? இவரு இல்லாம இங்கதான் யாரு இருக்கா?"

"அவன் திருடல," என்றார் ஜபருல்லா அண்ணன்.

"அது எனக்குத் தெரியாதா? கோர்ட்டுக்குத் தெரிய வேணாமா?"

நியாயமான கேள்வி. பதில் சுப்பையா முதலாளி வீட்டில் இருக்கும் என்று நாங்கள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டோம்.

சுப்பையா முதலாளியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன். தொங்காங் முதலாளி. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகுகளுக்குத் தொங்காங் என்று பெயர். பினாங்கில் கரையேறும் அரிசி, துணி, வெங்காயம் எல்லாவற்றிலும் பாதி இவர் படகில்தான் வரும். "சுப்பையா படகில் ஏறிய சரக்கு நனையாது" என்று ஊரில் பேர். அந்தப் பேரை அவரே உண்டாக்கி அவரே பரப்பினார் என்றாலும், பேர் பேர்தான்.

சம்பாதித்து முடித்ததும் மனிதருக்குக் கல்வியின் மேல் ஆசை வந்துவிட்டது. படிக்க வேண்டும் என்று இல்லை. படித்தவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். சென்னைப் பக்கம் ஏதோ ஒரு ஜமீன்தார் செத்துப்போக, அவருடைய புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார். பத்திரிகையில் படம் போட்டார். புத்தகசாலையைத் திறந்துவைக்கச் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பண்டிதர் அன்று மாலை வருவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள்தான் திருட்டு.

நாங்கள் போனபோது அவர் கீழ் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். எதிரே வெள்ளைக்கார போலீஸ் இன்ஸ்பெக்டர் தேநீரும் பிஸ்கட்டுமாக விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். ஜபருல்லா அண்ணனைக் கோர்ட்டு நாளிலிருந்தே தெரிந்தவர் ஆனதால் எங்களைத் துரத்தவில்லை. பிஸ்கட்டும் தரவில்லை.

"வாங்க பாய்! அந்தத் திருட்டுப் பயலுக்காக வந்திருக்கீங்களாமே?" என்று ஆரம்பித்தார் முதலாளி. "சோறு போட்ட வீட்டுல கை வச்சான் பாருங்க! அவனப் பெத்தவள..." என்று ராமதாஸின் தாயாரைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த அம்மாள் இந்தியாவில் இருந்துகொண்டு இவருக்கு என்ன தீங்கு செய்தாளோ தெரியவில்லை.

திட்டுகிற வேகத்தில் காலை நீட்டினார். நாற்காலியடியில் கிடந்த தமிழ்ப் பேப்பர் காலில் பட்டது. பேச்சை நிறுத்தாமலே குனிந்தார். அவருடைய வயிற்றுக்கு அது சின்ன வேலை இல்லை. பேப்பரைத் தொட்டார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், "அம்மா சரஸ்வதி" என்று முணுமுணுத்தார், நிமிர்ந்தார், விட்ட இடத்திலிருந்து அந்த அம்மாளைத் திட்டத் தொடங்கினார். நல்ல பழக்கமும் கெட்ட வாயும் ஒரே மூச்சில் நடந்தன.

"எத்தனை புத்தகம் முதலாளி, மொத்தம்?" என்று கேட்டார் ஜபருல்லா அண்ணன்.

"பத்தாயிரம்! பினாங்குல எந்த வெள்ளைக்காரன் பங்களாவுலயும் கெடையாது." இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

"படிச்சாச்சா?" என்றேன் நான்.

"படிக்கறதுக்கு ஆளு வச்சுக்கலாம் தம்பி. மொதல்ல ரூம் பாக்க நல்லா இருக்கணும்ல?" என்று அவர் அறையின் அமைப்பை விவரிக்க ஆரம்பித்தார். தரையிலிருந்து கூரை வரை தேக்கு அலமாரி. உப்புக் காற்று படாமலிருக்கக் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி அவர் இடுப்பில். பித்தளை விளக்கு. சிவப்புத் தோல் புத்தகமெல்லாம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். ஜவுளிக்கடையில் சேலை அடுக்குவது போல என்று நான் நினைத்தேன். அவரே அப்படித்தான் சொன்னார், பெருமையாக. மேல் தட்டுக்கு எட்ட, பித்தளைத் தண்டவாளத்தில் நகர்கிற ஏணி ஒன்றைச் சிங்கப்பூரில் செய்யச் சொல்லியிருந்தார். அதுதான் இன்னும் வந்து சேரவில்லை.

"பாவம், பண்டிதர் ஏமாந்துபோவாரே," என்றார் ஜபருல்லா அண்ணன்.

"ஆமா பாய். அவரு வர்றதே அந்த ஒரு புத்தகத்துக்குத்தான். 'மத்தத நான் எங்கயும் பாக்கலாம், இத மட்டும் கையில எடுத்துப் பொரட்டணும்'னு சொல்லி அனுப்பினாரு. இப்ப என்ன பண்றது? வருவாரு, வருத்தப்படுவாரு, டீ குடிச்சிட்டுப் போவாரு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பல்வலி விட்டுப்போனவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஜபருல்லா அண்ணன் தண்ணீர் கேட்டார். முதலாளி சாப்பாட்டு அறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே சமையல்காரி வடிவம்மாள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் அதைக் குடிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புத்தக ரூம் இதுக்கு நேர் மேலயா, அக்கா?"

"ஆமாங்க."

"பலகைத் தரைதானே? அவ்வளவு கனம் ஏத்தறதுக்கு முன்னால கீழ தூண் கீண் எதுவும் நட்டாங்களா?"

"தூணா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ராமதாஸ் ஒத்த ஆளா எல்லாத்தையும் மேல கொண்டுபோய் அடுக்குனாப்ல. ஒரு கூலிய உள்ள விடல முதலாளி."

அண்ணன் செம்பைக் கீழே வைத்தார். மாடிப்படி ஏறும்போது என் காதோரம் சொன்னார்: "கோர்ட்டுல பழைய கேஸ் கட்டுகள மாடியில வச்சிருந்தாங்க. இதுல பாதி இருக்காது. தரை தொங்கிப் போய், கீழ உக்காந்திருந்த ஜட்ஜு வேற ரூமுக்கு ஓடினாரு. காகிதம் அவ்வளவு கனம் தம்பி."

"தேக்குப் பலகைல்ல அண்ணே, தாங்கும்."

"அப்ப இன்னொண்ணு. உனக்குத் தும்மல் வருதா?"

அப்போதுதான் கவனித்தேன். பினாங்கில் பழைய புத்தகம் ஒன்று இருந்தால் போதும், மாடிப்படி வரைக்கும் பூஞ்சைக் காளான் வாசனை அடிக்கும். எங்கள் ஆபீஸில் இருக்கும் ஒரே ஒரு பஞ்சாங்கத்தைப் பிரித்தால் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். பத்தாயிரம் பழைய புத்தகம் இருக்கும் கதவைத் திறந்தால் நான் மயங்கி விழ வேண்டும். திறந்தார்கள். நான் விழவில்லை. வார்னிஷும் வச்சிரப் பசையும் கமகமத்தன.

அறை அழகாக இருந்தது, சந்தேகமே இல்லை. சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தோல் முதுகுகள் பொன் எழுத்தோடு கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றன. ஒரு புத்தகம் முன்னால் துருத்தவில்லை, ஒன்று பின்னால் போகவில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பிள்ளைகளை நிறுத்திவைப்பார்களே, அப்படி. மேல் தட்டில் மட்டும் ஒரு கதவு, பூட்டு நெம்பப்பட்டு, திறந்து கிடந்தது. நடுவில் ஒரு புத்தகம் அளவுக்கு ஓட்டை.

அதற்கு நேர் கீழே தரையில், தடித்தடியான நீலப் புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் வெறுங்கால் தடம் ஒன்று தூசியில் பதிந்திருந்தது.

புத்தகத்தின் மேல் ஏறி நின்றிருக்கிறான் ஒருவன்! நான் பெரிய பக்திமான் இல்லை. சரஸ்வதி பூஜைக்குப் பொரிகடலைக்காகப் போகிறவன். ஆனாலும் கால் பட்ட காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் எனக்கு அடுத்த அடி வராது. தபால்காரன் கட்டு என் காலில் விழுந்தால் அதற்கும் ஒரு கும்பிடு உண்டு. "அண்ணே, இது..." என்று வாயைத் திறந்தேன்.

ஜபருல்லா அண்ணன் தன் குதிகாலை என் கால்விரல்மேல் வைத்து அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

"ஏணி இல்லாததால் இதன் மேல் ஏறி எடுத்திருக்கிறான்," என்றார் இன்ஸ்பெக்டர் மலாயில். "மேசை மேல் அழகுக்கு வைத்திருந்த புத்தகங்களாம். தெளிவான கேஸ்."

"ரொம்பத் தெளிவு துரை," என்று அண்ணனும் மலாயிலேயே ஒத்துக்கொண்டார். "ஒண்ணுதான் இடிக்குது. ராமதாஸ் குள்ளம். இந்த அடுக்கு மேல ஏறினாலும் அந்தத் தட்டு அவனுக்கு எட்டாது."

"எட்டும்," என்றார் சுப்பையா.

"எட்டாது முதலாளி. நான் அவனப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"எட்டும்கறேன்! அவனும் என் உசரந்தானே?"

"உங்களுக்கும் எட்டாதே."

"நாளைக்குக் கோர்ட்டிலும் இதைத்தான் கேட்பார்கள்," என்று இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார்.

தொங்காங் முதலாளிக்கு எதிர்ப் பேச்சு பழக்கமில்லை. கூலிகள் மத்தியிலேயே வாழ்ந்தவர். "என்னய்யா எட்டாது? இங்க பாருங்க! இப்படி ஏறினான், இப்படி நின்னான், இப்படி எடுத்தான்!" என்று வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். அந்த நீலப் புத்தக அடுக்கின் மேல் வலது காலை வைத்தார், இடது காலையும் வைத்தார், மேல் தட்டு ஓட்டைக்குள் கையை விட்டு ஆட்டிக் காட்டினார். "எட்டுதா இல்லியா? சொல்லுங்க துரை!"

வாசலில் பாத்திரம் கலகலத்தது. இரண்டாவது சுற்றுத் தேநீரோடு வந்த வடிவம்மாள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ முதலாளி! சரஸ்வதிய்யா! மொதல்ல எறங்குங்க!"

அவர் இறங்கினார். தன் காலைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், பிறகு ஜபருல்லா அண்ணனைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வையின்போது முகத்தில் நிறத்தைக் காணோம்.

"என்ன பிரச்சினை?" என்றார் இன்ஸ்பெக்டர். "எட்டுகிறதே?"

"நல்லா எட்டுது துரை. அதான் பிரச்சினை." அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பாராம். "கீழ இவரு காலுல ஒரு பேப்பர் பட்டுச்சே, என்ன செஞ்சாரு?"

"முகத்தில் வைத்துத் துடைத்தார். கண் வலி என்று நினைத்தேன்."

"கண் வலி இல்ல. தமிழனுக்கு எழுத்து சாமி. கால் பட்டா மன்னிப்புக் கேட்கணும். நான் முஸ்லிம், என் வீட்டுலயும் ஒரு துண்டுக் காகிதத்த மிதிச்சா எங்கம்மா விளக்குமாத்த எடுக்கும். சின்னப் பிள்ளையில பழகினது, நாங்க யோசிச்சுச் செய்யறதில்ல."

"ஆத்திரத்துல கவனிக்கல பாய்," என்றார் சுப்பையா. குரல் பாதிதான் வந்தது. "வாய்ச் சண்டையில ஏறிட்டேன். தப்புத்தான். பரிகாரம் பண்ணிடறேன்."

இதற்குத்தானா இவ்வளவும் என்று எனக்குத் தோன்றியது. பணக்காரன் பக்தி போலி என்று நிரூபிக்கத் துப்பறிவாளர் எதற்கு? அதை நான் ரிக்‌ஷாவிலேயே சொல்லியிருப்பேன். "வேஷம் கலைஞ்சு போச்சு லா, முதலாளி!" என்றேன் சந்தோஷமாக.

"இல்ல அர்ஜுனா," என்றார் அண்ணன். "வேஷமே இல்ல. முதலாளி பக்தி நூத்துக்கு நூறு நெசம். கீழ அந்தப் பேப்பரத் தொட்டுக் கும்பிட்டப்பவும் ஆத்திரத்துலதான் இருந்தாரு. ராமதாஸோட அம்மாவத் திட்டிக்கிட்டேதான் கண்ணுல ஒத்தினாரு. அப்பேர்ப்பட்ட கால், கழுத்துல கத்திய வச்சாலும் புத்தகத்து மேல ஏறாது. ஆனா இப்ப ஏறிச்சு, கூசாம."

"அப்படீன்னா?"

"அப்படீன்னா அது புத்தகம் இல்ல. இவரு காலுக்கு அது தெரியும். எடுத்துப் பிரி."

நான் குனிந்தேன். மேலே இருந்த நீலப் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தேன், பழக்க தோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், பிரித்தேன். பிரியவில்லை. நகத்தை விட்டு நெம்பினேன். விரலால் தட்டினேன். டொக் டொக் என்றது. முதுகில் பழைய தோல், பொன்னெழுத்து. பக்கவாட்டில் தாள் தாளாகத் தெரியும்படி மயிரிழை கனத்தில் கீறல்கள். மொத்தமும் ஒரே மரக்கட்டை. பினாங்கில் விறகுக் கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட முதல் மனிதன் நான்தான் என்று நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். சுப்பையா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கண்ணாடிக் கதவாகத் திறந்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம், எல்லாம் வெறும் முதுகு. நீளமான பலகைகளில் தோலை ஒட்டி நிறுத்தியிருந்தது. பின்னால் இருட்டு. பத்தாயிரம் புத்தகத்தின் பின்னால் ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

அண்ணன் அந்தப் பலகைகளை வெகுநேரம் தடவிப் பார்த்தார். "என்னா வேலை செஞ்சிருக்கான்," என்றார். பாராட்டுத்தான், ஆனால் கேட்கச் சங்கடமாக இருந்தது.

"நெச புத்தகம் எங்க முதலாளி?"

சுப்பையா முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். சொல்லச் சொல்ல வேர்த்தது. புத்தகப் பெட்டிகள் வந்த அன்று கடலில் மழை. அடுத்தவன் சரக்கென்றால் தார்ப்பாய் கட்டுவார்கள். சொந்தச் சரக்குதானே, அந்தத் தார்ப்பாயை அரிசிப் படகுக்குக் கொடுங்கள் என்று இவரே சொன்னார். பெட்டிகள் கரைக்கு வரும்போது கஞ்சியாகிவிட்டன. கிடங்கில் காயவைத்தார். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது. தரங்கம்பாடிப் புத்தகம்தான் முதலில் போயிற்று.

"வெளிய தெரிஞ்சா என்னாகும்? சொந்தப் புத்தகத்தையே கரை சேக்கத் தெரியாதவன்னு சொல்ல மாட்டானுங்களா? அப்புறம் எவன் என் படகுல சரக்கு ஏத்துவான்? பேப்பர்ல வேற படம் வந்துடுச்சு. தோலு மட்டும் மிஞ்சிச்சு. ராமதாஸக் கூப்பிட்டேன்."

"கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கறவனுக்கு எல்லாமே புத்தகந்தான்," என்றார் அண்ணன். "ஆனா பண்டிதரு ஒரே ஒரு புத்தகத்தக் கையில எடுத்துப் பொரட்டணும்னு சொல்லிட்டாரு. கட்டையப் பொரட்ட முடியாது. அதனால அது திருடு போயாகணும். ஏணி வரல. மேசை மேல இருந்த கட்டைகள அடுக்கி, ஏறி, நீங்களே எடுத்தீங்க. அது ஊருக்குப் புத்தகமாத் தெரியும்கறது உங்களுக்கு மறந்தே போச்சு. நீங்க பாத்தது மரம்."

"ஏதோ புத்தி கெட்டுப் போச்சு பாய்."

"புத்தி கெடல. நல்லா வேலை செஞ்சிருக்கு. இந்தப் பக்கம் கூலிங்க இருக்காங்க, வேலைக்காரங்க இருக்காங்க. ஆனா நீங்க ராமதாஸத்தான் சொன்னீங்க. ஏன்னா இங்க புத்தகமே இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா அவன் வெளிய வந்துடுவான். அவன் சொல்ல மாட்டான். முருகன் முன்னால சொன்னத மீற மாட்டான். அவனோட நல்ல குணத்த வச்சே அவன உள்ள தள்ளினீங்க."

எனக்கு அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் போய்விட்டது. கையிலிருந்த கட்டையை அவர் தலையில் போட வேண்டும் போல் இருந்தது. பொய் சொல்லியே பிழைக்கிறவன் மாட்டிக்கொண்டால் கோர்ட்டில் எப்படியாவது தப்பிப்பான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஒருவனாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறாரே, அதுதான் ஆறவில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் மலாயில் சொன்னதும், "பொய்ப் புகார்," என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியை எடுத்துக்கொண்டு. தெளிவான கேஸ் என்று சொன்னது யார் என்பதை அவர் அதற்குள் மறந்திருந்தார். "மிஸ்டர் சுப்பையா, என்னோடு வாருங்கள்."

"அப்ப பண்டிதரு? சாயங்காலம் வந்துடுவாரே?" என்று கேட்டார் முதலாளி. அந்த நேரத்திலும் அதுதான் கவலை.

"பெருமையாக் காட்டுங்க," என்றேன். "பத்தாயிரம் புத்தகம் இருந்தும் ஒருத்தனும் இரவல் கேக்க முடியாத புத்தகசாலை உலகத்துலயே இது ஒண்ணுதான்!"

வடிவம்மாள் தேநீரை எங்களுக்குக் கொடுத்தாள். பிஸ்கட்டும் வந்தது.

மாலைக்குள் ராமதாஸை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் மனைவியைப் பார்ப்பதற்கு முன்னால் ஜபருல்லா அண்ணனிடம் வந்தான். முகத்தில் பயம் இருந்தது.

"நான் எதும் சொல்லலீங்களே? நான் சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு யாரும்..."

"நீ ஒண்ணும் சொல்லல தம்பி. முதலாளியே காட்டிக்கிட்டாரு."

ராமதாஸுக்கு மூச்சு வந்தது. தண்ணீர்மலை இருக்கும் திக்கைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். கண் கலங்கிவிட்டது. "காப்பாத்திட்டேன் அண்ணே, சொன்னதக் காப்பாத்திட்டேன்," என்றான். ஒத்துக்கொள்கிறேன், அப்படி ஒருவனை நேரில் பார்ப்பது லேசில் வாய்க்காது.

நவமணி தள்ளி நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கும்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"தாலி கட்டறப்ப எனக்கும் ஒண்ணு சொன்னீங்க," என்றாள். "என்ன நடந்தாலும் உன்னைத் தனியா விடமாட்டேன்னு. அதுவும் தண்ணீர்மலையிலதான், முருகன் முன்னாலதான். உங்களக் கப்பல்ல ஏத்தியிருந்தா நான் இங்க ஒத்தையா நின்னிருப்பேன். அந்தப் பணக்காரன் கட்டைக்காக." குரல் உயரவே இல்லை. "ஏங்க, அது வேற முருகனா?"

ராமதாஸ் கையைத் தாழ்த்தினான். ஜபருல்லா அண்ணன் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஏதோ இருப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

அவன் அவள் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான்.